யாரும் படிக்காத அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

ஐம்பத்து மூன்று வயதுவரை தலைகாட்டாத ஒரு கவலை, வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்து சேர்த்தவன் அவருடைய மைத்துனன். மெக்கானிக் ஒரு மெஷினின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் கைபேசியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"பாருங்க மாமா. நம்ம கடை நாலாம் பக்கத்துல இருக்கு."

"எந்தப் பேப்பர்ல?"

"பேப்பர் இல்ல மாமா. வாஷிங் மெஷின் ரிப்பேர்னு தேடினா வருமே, அந்தப் பட்டியல். நம்ம வெப்சைட் நாலாம் பக்கத்துல, கடைசிக்கு முன்னாடி."

"பரவாயில்லையே, வருதே."

"எதிர்க்கடை மூணாம் பக்கத்துல வருது."

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

எதிர்க்கடை என்றால் நிஜமாகவே எதிர்க்கடைதான். தெருவைக் கடக்கப் பதினெட்டு எட்டு வைத்தால் போதும். அங்கேயும் வாஷிங் மெஷின்தான் பழுது பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரரும் மெக்கானிக்கும் ஒரே முதலாளியிடம், ஒரே மேஜையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொழில் கற்றவர்கள். முதலாளி கடையை மூடியபோது ஆளுக்கொரு பக்கம் கடை போட்டார்கள். சாமான்களைப் பிரித்துக்கொண்ட அன்று, பேரிங்கைப் பிடுங்கி எடுக்கிற கருவியான பேரிங் புல்லர் ஒன்று காணாமல் போயிற்று. அவர் எடுத்தார் என்று இவரும், இவர் எடுத்தார் என்று அவரும் நினைத்ததில் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதே பதினோரு வருடமாக, இவர் கடையின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது அவருக்கும், அவர் எந்தச் சட்டை போட்டிருக்கிறார் என்பது இவருக்கும் தினமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மைத்துனன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். குடும்பத்தில் அவனுக்கு 'அப்டேட்' என்று பெயர். புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் மூக்கை நுழைத்து, பாதியைத் தெரிந்துகொண்டு, முழுதாகச் சொல்லிக்கொடுப்பான். கடைக்கு வெப்சைட் போட்டதும் அவன்தான். இலவசமாகக் கிடைத்த ஒரு ரெடிமேட் பக்கத்தை எடுத்து, நடுவில் மெக்கானிக் சிரிக்கத் தெரியாமல் சிரிக்கும் படத்தை வைத்து, பின்னால் ஓர் அருவியைப் போட்டிருந்தான். அருவி எதற்கு என்று மெக்கானிக்கின் மனைவியான அவன் அக்கா கேட்டதற்கு, "மெஷினுக்குத் தண்ணி வேணுமில்ல" என்றான்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார் மெக்கானிக்.

அப்டேட் நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த வாரம்தான் ஆன்லைனில் இரண்டு நாள் வகுப்பு முடித்திருந்தான். சான்றிதழின் ஈரம் காயவில்லை. "மெட்டா டேக்னு ஒண்ணு இருக்கு மாமா. பக்கத்துக்கு உள்ள, பின்னாடி இருக்கும். பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது. தேடற மெஷின் மட்டும்தான் படிக்கும். அதுல சரியான வார்த்தையை, கீவேர்டும்பாங்க, அதைப் போட்டா, குப்புனு மேல ஏறிடும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் மெக்கானிக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் 'உள்ள, பின்னாடி, கண்ணுக்குத் தெரியாது' என்ற மூன்றும் அவரைப் பிடித்துக்கொண்டன. முப்பது வருடமாக அவர் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தானே? முன்னால் இருக்கிற பொத்தானையும் லைட்டையும் பார்த்து மெஷின் வாங்குகிறவன் ஏமாளி. விஷயம் எல்லாம் பின்மூடிக்குள் இருக்கிறது. வெப்சைட்டுக்கும் ஒரு பின்மூடி உண்டு என்று தெரிந்ததும் அவருக்கு அதன்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

அன்றைக்கே பதினான்கு வார்த்தைகள் போட்டார்கள். வாஷிங் மெஷின் ரிப்பேர், வாஷிங் மெஷின் சர்வீஸ், நல்ல வாஷிங் மெஷின் சர்வீஸ், மிக நல்ல வாஷிங் மெஷின் சர்வீஸ் என்று அது போயிற்று. தப்பாக அடிக்கிறவர்களையும் விடக்கூடாது என்று அப்டேட் சொன்னதால் வாசிங் மிசின், வாஷின் மெசின், வாஷிங் மிஷின் ரிப்பர் என்பவையும் சேர்ந்தன.

கடையின் மூலையில், போன் மேஜையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மனைவி தலையைத் தூக்கினாள். வருகிற எல்லா அழைப்பையும் எடுப்பது அவள்தான். "வீட்டுக்கே வந்து பார்ப்போம்னு போடுங்களேன். எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க."

"அக்கா, அதெல்லாம் மனுஷங்க படிக்கிறதுக்கு. இது மெஷினுக்கு" என்றான் தம்பி.

அவள் மறுபடி போனை எடுத்தாள். யாருக்கோ தண்ணீர் வடியவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. நாலாம் பக்கம் நாலாம் பக்கமாகவே இருந்தது. "ஊறணும் மாமா. போட்டவுடனே வெளுக்குமா?" என்றான் அப்டேட். தொழில் தெரிந்தவருக்கு அந்த நியாயம் பிடிபட்டது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் பின்மூடி கழற்றிப் பார்க்கிற வித்தையை அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். மடிக்கணினியில் இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும். மெக்கானிக் எதிர்க்கடையின் பக்கத்தைத் திறந்து, பின்மூடியைக் கழற்றினார்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே அவருடைய பதினான்கு வார்த்தைகளும் வரிசை மாறாமல் இருந்தன. வாஷிங் மிஷின் ரிப்பர்கூட அப்படியே இருந்தது. போதாததற்குப் பதினைந்தாவதாக, இவர் கடையின் பெயரும்!

"என் கடைப் பேரு அவன் பின்மூடிக்குள்ள என்ன பண்ணுது?" என்று கத்தினார்.

"உங்களைத் தேடி வர்றவங்களை அங்க இழுக்கறார் மாமா" என்றான் அப்டேட், வகுப்பில் சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டு. "நாமளும் அவர் பேரைப் போடுவோம்."

போட்டார்கள். மறுநாள் காலை, எதிர்க்கடைப் பக்கத்தில் இவர் கடையின் பெயர் மூன்று தடவை இருந்தது. இவர்கள் ஆறு தடவை போட்டார்கள். அங்கே 'முன்னாடி ஆரம்பித்த கடை' என்று வந்தது. இங்கே 'முன்னாடி ஆரம்பித்த உண்மையான கடை' என்று போயிற்று. மூன்றாவது வாரத்தில் அப்டேட்டின் உதவி தேவைப்படவில்லை. மெக்கானிக்கே ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டார். எதிரே, மருமகள் கற்றுக்கொடுத்த பாடத்தில் எதிர்க்கடைக்காரரும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

போகப்போக அதில் வாஷிங் மெஷின் குறைந்து மனுஷன் அதிகமானான். 'காப்பி அடிக்காத மெக்கானிக்' என்று இவர் எழுதினார். 'பெல்ட்டைத் தலைகீழாக மாட்டாத மெக்கானிக்' என்று பதில் வந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய சம்பவம் அது. முதலாளி அன்றைக்கு இவரை மேஜைமேல் ஏற்றி நிறுத்திச் சிரித்தார். மெக்கானிக் விடவில்லை. 'டிரம்முக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்ளாத மெக்கானிக்' என்று எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். சாப்பிடும்போது அந்தக் காட்சி ஞாபகத்துக்கு வந்து தனியாகச் சிரித்தார். மனைவி ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

காலையில் கடையைத் திறந்ததும் அவர் பார்க்கிற முதல் வேலை எதிர்க்கடையின் பின்மூடி என்று ஆகிவிட்டது. சொற்களின் கணக்கு இருநூறு, நானூறு என்று ஏறி அறுநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. பட்டியலில் மட்டும் ஒரு படி ஏறவில்லை. நாலாம் பக்கத்தில், கடைசிக்கு முன்னால், அருவி விழுந்துகொண்டேயிருந்தது.

இதற்கிடையில் பக்கத்துத் தெருவின் மாடிவீட்டுப் பெண்ணுடைய மெஷின் ஒன்பது நாளாகக் கடையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பம்புக்குள் ஒரு கொண்டை ஊசி. பத்து நிமிஷ வேலை. அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை மெக்கானிக்கின் மனைவி போனை வைத்துவிட்டு எழுந்து வந்து, மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

"என்னங்க, அந்தப் பொண்ணு ஒன்பது நாளா கையால துவைக்குது. நீங்க இங்க உக்காந்து அவருக்கு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கீங்க."

"லெட்டர் இல்லம்மா, கீவேர்டு."

"எதுவானாலும் அவர் ஒருத்தர்தான் படிக்கிறாரு."

மெக்கானிக் ஊசியை எடுத்து, மெஷினைப் பூட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாடிவீட்டுப் பெண் வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிறவள். மெக்கானிக்குக்கு அது தெரியாது. மெஷினுக்கு மேல் ரசமட்டம் வைத்து, அதன் காலைத் திருகிக்கொண்டே, தாமதத்துக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வெப்சைட் வேலை கழுத்தை நெரிச்சிருச்சு. உள்ள அறுநூத்திப் பன்னெண்டு கீவேர்டு போட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, கீவேர்டு டேக்கைப் பெரிய தேடற கம்பெனிங்க கணக்குல எடுக்கறதை விட்டுப் பல வருஷமாச்சு. எல்லாரும் கண்டதையும் அள்ளிக் கொட்டினாங்க. அதனால அந்தப் பக்கமே திரும்பறதில்லை."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

"அறுநூத்திப் பன்னெண்டும்மா."

"ஆறு லட்சம் போட்டாலும் அப்படித்தான்."

மெக்கானிக் ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி நடுவில்தான் நின்றது. அவருக்குத்தான் தரை சாய்ந்த மாதிரி இருந்தது. அவள் கைபேசியை எடுத்து எதையோ தேடினாள். விரலால் தள்ளித் தள்ளி நாலாம் பக்கத்துக்கு வந்து, அவரிடம் காட்டினாள்.

"தேடறவங்களுக்கு உங்க கடை இப்படித்தான் தெரியுது."

பெரிய எழுத்தில் 'முகப்பு' என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில்: 'உங்கள் நிறுவனத்தைப் பற்றி இங்கே இரண்டு வரிகள் எழுதவும்.'

"இதை யாரு எழுதினது?"

"யாரும் எழுதலை. அதான் பிரச்சினை. ரெடிமேட் பக்கத்தோட வந்தது, அப்படியே இருக்கு."

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. ஒரு வருடமாக, வாஷிங் மெஷின் கெட்டுப்போய்த் தவிக்கிற ஊர் ஜனங்களிடம், என் கடையைப் பற்றி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரெண்டு வரி எழுதிட்டா முதல் பக்கம் வந்துடுமா?"

"வராது" என்றாள் பட்டென்று. "தலைப்புல என்ன கடைன்னு இருந்தா அது கொஞ்சம் உதவும். கீழ வர்ற ரெண்டு வரி உங்களை மேல ஏத்தாது. சில நேரம் அதைக் காட்டாம, பக்கத்துல இருந்து வேற எதையாவது எடுத்துக் காட்டுவாங்க. ஆனா காட்டினா, ஆளுங்க படிக்கிறது அதைத்தான். படிச்சுட்டுத்தான் தட்டலாமா, தாண்டிப் போகலாமான்னு முடிவு பண்ணுவாங்க. அப்புறம், உள்ள வந்தா என்ன இருக்கு? நீங்களும் ஒரு அருவியும் இருக்கீங்க. என்னென்ன ரிப்பேர் பார்க்கறீங்க, எந்தெந்த ஏரியாவுக்கு வருவீங்க, ஒண்ணும் இல்லையே."

வீட்டுக்குத் திரும்பியதும் மைத்துனனை வரவழைத்தார். விஷயத்தைக் கேட்ட அப்டேட், "அவங்க சொல்றது வேற ஸ்கூல் மாமா" என்றான். வகுப்புக் குறிப்பைத் திறந்து புரட்டினான். அதில், எச்சில் தொட்டுத் திருப்பிய கடைசிப் பக்கத்தில், 'கீவேர்டு டேக் இப்போது பயன்படுவதில்லை' என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது.

"இது ரெண்டாம் நாள் சாயங்காலம் சொன்னது மாமா. எனக்கு அன்னைக்கு ஆபீஸ்ல மீட்டிங். பாதி காதுலதான் கேட்டேன்."

மெக்கானிக் அவனைத் திட்ட வாயைத் திறந்தார். மனைவி கைகாட்டி நிறுத்தினாள். "தம்பி, அந்த ரெண்டு வரி எங்க எழுதணும்னு காட்டு. நான் சொல்றேன், நீ அடி."

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தப் போனில் 'சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் வேண்டும்' என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஜனங்கள் பேசுகிற விதமே வேறு. அவள் சொல்லச் சொல்லத் தம்பி அடித்தான்:

'தண்ணீர் வடியவில்லையா? டிரம் சுற்றவில்லையா? மெஷின் ஆடி ஆடி நகர்ந்து வருகிறதா? வீட்டுக்கே வந்து பார்ப்போம். போனை எடுப்போம்.'

"தரமான, நம்பிக்கையான, அப்படி ஒண்ணு சேர்த்துக்கலாமா?" என்றார் மெக்கானிக்.

"போனை எடுப்போம்னு போட்டிருக்கேனே, போதும்" என்றாள்.

தலைப்பில் முகப்பு போய், வாஷிங் மெஷின் ரிப்பேர் என்பதும் கடையின் பெயரும் வந்தன. அருவி போயிற்று. அது இருந்த இடத்தில் என்னென்ன பழுது பார்ப்பார்கள், எந்தெந்தத் தெருக்களுக்கு வருவார்கள் என்பதை அவள் எழுதிக்கொடுத்தாள். கடைசியாக, அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்களையும் மெக்கானிக் தம் கையாலேயே அழித்தார். ஒற்றை விரலால் அழிக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. 'டிரம்முக்குள் தலையை விட்டு' வந்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது.

எதிர்க்கடைக்காரருக்கு இதைச் சொல்வதா? அந்தக் கேள்விக்கே அவர் மனதில் இடமில்லை. அவன் எழுதட்டும்! மறுநாளும் அதற்கடுத்த நாளும் எதிரே அந்த மனிதர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தட்டுவதைப் பார்த்து மெக்கானிக்குக்கு உள்ளம் குளிர்ந்தது. தட்டுப்பா, தட்டு, நல்லாத் தட்டு.

மூன்றாம் நாள் காலை எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறை. படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, உள்ளே பார்க்காமல், கதவைப் பார்த்துப் பேசினார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"யாருக்கு?"

"உனக்குத்தான். ரெண்டு நாளா ஒண்ணையும் காணோம். மொத்தமும் வெறுமையாக் கிடக்கு. என்னமோ ஏதோன்னு இருந்துச்சு."

மெக்கானிக் எழுந்து நின்றார். சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்த ஆள் படியேறாமல் நின்ற விதத்தில், சட்டையின் மேல்பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த விதத்தில், சொல்லாமல் இருக்க வாய் கேட்கவில்லை.

"உள்ள வா. உன் போனைக் கொடு."

மூணாம் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். எதிர்க்கடையின் தலைப்பு 'பெயரிடாத பக்கம்' என்று இருந்தது. கீழே 'மாதிரி வாசகம்' என்று மட்டும் இருந்தது. பிறகு மாடிவீட்டுப் பெண் சொன்னது எல்லாவற்றையும், அவள் சொன்ன அதே மெதுவான குரலில், தாமே டாக்டர் ஆகி, ஒப்பித்தார். மனைவி எழுதிய இரண்டு வரியையும் காட்டினார்.

எதிர்க்கடைக்காரர் போனை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தார். "அப்ப, நான் எழுதினதெல்லாம்?"

"நான் படிச்சேன்."

"வேற யாருமே படிக்கலையா?"

"யாருமே."

"நேத்து எழுதினதையும் படிச்சியா?"

மெக்கானிக் நேற்று அங்கே திறந்து பார்க்கவில்லை. அவர் தட்டுவதை வேடிக்கை பார்த்ததோடு சரி. "இல்ல. என்ன எழுதின?"

"ஒண்ணுமில்ல, விடு" என்றார் எதிர்க்கடைக்காரர். காது சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற, போன் மேஜைப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்த ரெண்டு வரி நீதான் எழுதினியாமே. எனக்கும் அதே மாதிரி ரெண்டு வரி எழுதிக் கொடேன்."

"உங்க கடையில போன் எடுக்கறது யாருண்ணே?"

"என் மருமகதான்."

"அப்ப அவளைக் கேளுங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க? அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

அவர் தலையாட்டினார். இத்தனை நாள் மருமகளிடம் தட்டக் கற்றுக்கொண்டாரே ஒழிய, என்ன தட்டலாம் என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது அவர் போன நடையிலேயே தெரிந்தது. அவர் தெருவைக் கடந்து கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் மடிக்கணினியைத் திறந்து எதிர்க்கடையின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். அதற்குள் அங்கே அவசர அவசரமாக எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். நேற்று என்ன எழுதினார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்தும் மெக்கானிக் கடை நாலாம் பக்கத்தில்தான் இருந்தது. கடைசிக்கு முன்னால் இருந்தது, நடுவுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை காலை போன் அடித்தது. மூச்சு வாங்கும் ஓர் ஆண் குரல். வெப்சைட்டைப் பார்த்துக் கூப்பிடுவதாகச் சொன்னது. மெக்கானிக் மனைவியின் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"நாலாம் பக்கத்துலயா பார்த்தீங்க? அவ்வளவு தூரம் எதுக்குங்க போனீங்க?"

"என்ன பண்றது? முன்னாடி இருக்கிறவங்க அத்தனை பேரும் நம்பர் ஒன்னு, நம்பர் ஒன்னுன்னு போட்டிருக்காங்க. கூப்பிட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க மட்டும்தான் போனை எடுப்போம்னு போட்டிருந்தீங்க. சார், என் மெஷின் குளியலறையில இருந்து கிளம்பி ஹாலுக்கு வந்துருச்சு."

மனைவி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. கை ஈரமில்லாமப் பிடுங்கணும். பிடுங்கிட்டீங்களா? இப்ப வீட்டு அட்ரஸைச் சொல்லுங்க."

அவள் எழுதி முடிப்பதற்குள் மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார்.